விளையாடிக் கற்ற நிரலாக்கம்: ஒரு சொல்லாட்டமும் தமிழ் எழுத்திலக்கணமும்



மொழியியலில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள் நிரலாக்கத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பைத் தரலாம். பணி ஓய்வுக்குப் பின் நாங்கள் சிலர், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுமாக, வாரம் ஒரு மாலை கூடிப் பொழுதுபோக்காக ஒரு விளையாட்டை உருவாக்கத் தொடங்கினோம். இணைய உலாவியில் இயங்குவது. ஒரே நேரத்தில் பலர் ஆடுவது. தமிழ்ச் சொற்களை அந்தாதியாகத் தொடுப்பது. ஒருவர் ஒரு சொல்லைச் சொல்ல, அதன் ஈற்றெழுத்தில் தொடங்கும் சொல்லை அடுத்தவர் சொல்ல வேண்டும். எங்களுள் எவரும் தொழில்முறை நிரலாளர் அல்லர். விளையாட்டைக் கட்டிக்கொண்டே நிரலாக்கத்தைக் கற்றோம். அந்தக் கல்வி எங்களை எதிர்பாராத ஓரிடத்தில், தொல்காப்பியத்தின் நூன்மரபு, மொழிமரபு ஆகிய இயல்களில், கொண்டுபோய் நிறுத்தியது. அந்த வழியையே இன்றைய பொருளாக எடுத்துக்கொள்வோம்.

1. விளையாட்டைக் கட்டுதலும் கற்றலும்

விளையாட்டின் மூலம் கணினியைக் கற்பது புதிய கருத்தன்று. சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1967இல் ‘லோகோ’ என்னும் நிரல்மொழியைக் குழந்தைகளுக்கென உருவாக்கினர். திரையில் ஓர் ‘ஆமை’யை நகர்த்திக் கோடு வரைவதன் மூலம் வடிவியலைக் குழந்தை தானே கண்டறியும் என்பது அவர்தம் கொள்கை. ஒன்றைச் செய்து பார்ப்பவர் அதனை ஆழமாக அறிகிறார் என்பதை 1980இல் வெளிவந்த தம் நூலில் பேப்பர்ட் விரிவாக எடுத்துரைத்தார்.

பலர் கூடி ஆடும் தொடக்ககாலக் கணினி விளையாட்டுகளுள் ஒன்றும் ஒரு மாணவர் முயற்சியே. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்து வளர்த்த ‘மட்’ என்னும் விளையாட்டில் படமே இல்லை, எல்லாம் எழுத்து. ஆடுவோர் சொற்களைத் தட்டச்சுச் செய்தே அறைகளுக்குள் நடந்தனர். அண்மைக் காலத்தில், 2015இல் பிரேசில் நாட்டு இளைஞர் ஒருவர் உருவாக்கிய ‘அகார்.ஐஓ’ என்னும் உலாவி விளையாட்டு உலகெங்கும் பரவியது. ஒரு மென்பொருளாளர் தம் துணைவியாருக்காக உருவாக்கிய ‘வேர்டில்’ என்னும் சொல்விளையாட்டு 2021இல் பொதுமக்களிடம் வந்து சில மாதங்களில் பல நாடுகளுக்குச் சென்றது. இவற்றுக்குப் பெருமுதல் தேவைப்படவில்லை. உலாவி ஒன்றும் ஓயாத ஆர்வமும் போதுமானவையாக இருந்தன.

உலாவியை நாங்கள் தேர்ந்ததற்கு எளிய காரணம் உண்டு. எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் அது முன்பே இருக்கிறது. அதன் மொழியாகிய ‘ஜாவாஸ்கிரிப்ட்’ 1995இல் பிரெண்டன் ஐக் என்பவரால் பத்தே நாள்களில் முதல் வடிவம் பெற்றது. அம்மொழியில் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம் என்பது மாணவர் பலர்க்குப் புதுச் செய்தியாக இருந்தது. ‘சொல்’, ‘ஈற்றெழுத்து’, ‘அடுத்தவர்’ என்று பெயரிட்டு எழுதிய நிரல் எவ்விதத் தடையுமின்றி இயங்கியது. கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பினும், சிந்தனையின் பெயர்கள் தமிழில் இருக்க முடியும். கட்டளைகளும் தமிழிலேயே அமைய வேண்டும் என விரும்புவோர்க்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியும் உண்டு.

2. எழுத்து எனப்படுவது எது?

விளையாட்டின் முதல் தேவை, ஒரு சொல்லின் ஈற்றெழுத்தைக் கண்டறிவது. ஆங்கிலச் சொல்லாயின் ஒரே வரியில் முடியும் பணி இது. தமிழுக்கு வந்தபோது முதல் மாலையே அதில் கழிந்தது.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால் மூன்று என்பார். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்கிறது. ‘மலேசியா’ நமக்கு நான்கு, அதற்கு ஏழு. ‘சிங்கப்பூர்’ நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. காரணம் ஒருங்குறியின் அமைப்பில் உள்ளது. ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் நம் 247 எழுத்துகளும் தனித்தனியே இடம்பெறவில்லை. உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக உள்ளன. ‘மி’ என்பது ‘ம’வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு, ‘ழ்’ என்பது ‘ழ’வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. கணினி எழுத்தை எண்ணவில்லை, குறியீட்டை எண்ணுகிறது.

இதனை மாணவர்க்கு விளக்க ‘விகடகவி’ என்னும் சொல் பெரிதும் உதவியது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் சொல் அது. அதனைக் கணினியின் வழக்கமான முறையில் திருப்பினால், முதலிலேயே ஒட்டுவதற்கு மெய் இல்லாத ஓர் இகரக் குறி தனித்து நிற்கிறது, சொல்லே சிதைகிறது. நம் கண்ணுக்கு மாலைமாற்றாகத் தெரியும் சொல் கணினிக்கு அவ்வாறு தெரிவதில்லை. எழுத்து என்பதைப் பற்றிய நம் கருத்தை நாம் கற்பித்தால் அல்லது கணினி அதனை அறியாது.

இங்கே மொழியியல் நோக்கில் சுவையான முரண் ஒன்று உள்ளது. தொல்காப்பியர் மெய்யெழுத்தின் இயல்பு புள்ளியோடு நிற்பது என்கிறார். புள்ளியை நீக்கினால் அகரம் ஏறுகிறது. ஏனைய உயிர்கள் ஏறும்போது வடிவம் திரிகிறது. அதாவது ‘க்’ அடிப்படை. ‘க’ அதிலிருந்து பிறப்பது. ஒருங்குறியின் கணக்கில் ‘க’ அடிப்படை. ‘க்’ அதனோடு புள்ளி சேர்த்துப் பெறுவது. இரண்டும் எழுத்தைச் சரியாகக் காட்டும். ஆயினும் இலக்கணப்படி சிந்திப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு மாற்றத்தைச் செய்துகொள்ள வேண்டும். ‘டு’ என்பதை ‘ட்’ என்றும் ‘உ’ என்றும் பிரிக்கும் செயற்கூறு ஒன்றை மாணவர் எழுதினர். உயிர்க்குறி எதுவும் இல்லையாயின் அகரம் உள்ளது எனக் கொள்க. புள்ளி இருப்பின் உயிர் இல்லை எனக் கொள்க. குறி இருப்பின் அதற்குரிய உயிரைக் கொள்க. இம்மூன்று விதிகளே அச்செயற்கூறு. உயிர்மெய் என்றால் என்ன என்பதைப் பாடநூலில் பலமுறை படித்த மாணவர், அதனைக் கணினிக்கு விளக்க நேர்ந்தபோதுதான் அது ஒரு பகுப்பாய்வு என்பதை உணர்ந்தனர்.

இன்னும் இரண்டு நுட்பங்களைச் சொல்ல வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தை இரண்டு வகையில் கணினியில் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் வேறுபாடே இல்லை. எனினும், கணினி அவற்றை இருவேறு சொற்களாகக் கருதிவிடும். ஒருவர் ‘கொக்கு’ என்று சரியாக எழுதியும் அகராதியில் இல்லை என விடை வரும். எல்லா உள்ளீட்டையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கும் செயற்கூறு ஜாவாஸ்கிரிப்டிலேயே இருப்பதால் இதற்குத் தீர்வு எளிது. இரண்டாவது நுட்பம் அவ்வளவு எளிதன்று. ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமும் வைத்து ‘ஒளவை’ எனத் தட்டச்சுச் செய்வோர் பலர். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. கணக்குக்கு முன்னது இரண்டெழுத்து, பின்னது மூன்றெழுத்து. இதனை எந்தப் பொது விதியும் திருத்தாது. ‘ஒளி’ என்பது முறையான சொல்லாயிற்றே! தமிழறிந்தவரே விதி வகுக்க வேண்டும்.

அகரவரிசையும் அவ்வாறே. ஒருங்குறி எண்ணின்படி அடுக்கினால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் இறுதியில் நிற்பவை. மொழிக்குரிய வரிசையைக் கேட்டுப் பெறும் வழி உலாவியில் உண்டு. கேட்க வேண்டும் என்பதை அறிந்திருத்தலே முதன்மையானது.

3. மொழிக்கு முதலும் ஈறும்

ஈற்றெழுத்தைப் பிரித்தாயிற்று. அடுத்து எழுந்த வினா இன்னும் அடிப்படையானது. ஒருவர் ‘நாடு’ என்கிறார். அடுத்தவர் ‘டு’ என்னும் எழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவார்? ‘கண்’ என்றால் ணகரத்தில் தொடங்கும் சொல் ஏது? ‘பால்’, ‘தேன்’, ‘யாழ்’, ‘ஊர்’ ஆகிய எல்லாம் இவ்வாறே ஆட்டத்தை நிறுத்திவிடும்.

மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் இவை, ஈற்றில் வரும் எழுத்துகள் இவை என நம் இலக்கணங்கள் வகுத்துவைத்துள்ளன. மெய்களில் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் ஆகிய பதினொன்றே சொல்லின் இறுதியில் வரும் என்பது மரபு. அவற்றுள் ண், ன், ர், ல், ழ், ள் ஆகிய ஆறும் சொல்லுக்கு முதலில் வாரா. தமிழ்ச் சொற்களில் மிகப் பல இந்த ஆறில் ஒன்றில் முடிபவை. ஆகவே ஈற்றெழுத்தே முதலெழுத்து என்னும் எளிய விதி தமிழ் மொழியின் அமைப்புக்குப் பொருந்தாது. மாணவர் மூன்று படிகளில் விதியை அமைத்தனர்.

முதற்படி: ஈற்றெழுத்து மொழிமுதலாகக் கூடியதாயின் அதனையே கொள்க, ஈறு மெய்யாயின் அம்மெய்யின் வரிசையில் எதுவும் வரலாம். இரண்டாம் படி: ஈறு மொழிமுதலாகாத உயிர்மெய்யாயின் அதில் ஏறியுள்ள உயிரைக் கொள்க. மூன்றாம் படி: ஈறு மொழிமுதலாகாத மெய்யாயின் அதற்கு முந்தைய எழுத்தின் உயிரைக் கொள்க.

இதன்படி ‘சிங்கப்பூர்’ என்றால் ரகரமெய் முதலாகாது, முந்தைய ‘பூ’வில் உள்ள ஊகாரம் கிடைக்கிறது, ‘ஊஞ்சல்’ என்கிறார் அடுத்தவர். லகரமெய் முதலாகாது, ‘ச’வில் உள்ள அகரம் கிடைக்கிறது, ‘அறிவு’ என்கிறார் மற்றொருவர். இங்கே நின்று நோக்க வேண்டும். வகரம் மொழிமுதலாகும், ‘வு’ ஆகாது. மெய்யை மட்டும் சோதித்தால் போதாது, உயிர்மெய்யை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பதை இந்த ஒரு சொல் காட்டியது. உகரத்தைக் கொண்டு ‘உலகம்’; மகரம் முதலாகும்; ‘மலை’. ஆட்டம் ஓடத் தொடங்கியது.

‘மலை’ என்பதில்தான் அடுத்த சிக்கல். ‘லை’ முதலாகாது, எனவே ஐகாரம். ஐகாரத்தில் தொடங்கும் சொற்கள் தமிழில் மிகச் சில. ஈற்றில் ஐகாரம் வரும் சொற்களோ எண்ணற்றவை: வேலை, சாலை, கலை, தலை, துணை, அறை, கிளை. இதனை மாணவர் விரைவில் கண்டுகொண்டனர். எதிராளிக்குத் தொடர்ந்து ‘லை’யும் ‘ணை’யும் கொடுத்தால் ‘ஐயம்’, ‘ஐந்து’, ‘ஐம்பது’ என நாலைந்து சொற்களில் அவர் கை வெறுமையாகிவிடும். ஆட்டம் சொல்வளத்தைச் சோதிப்பதை விட்டு ஐகாரத்தைப் பதுக்கிவைக்கும் தந்திரமாக மாறியது.

தீர்வு தேடிய மாணவி ஒருவர் இலக்கண நூலைத் திறந்தார். அகரமும் யகரமெய்யும் சேர்ந்து ஐகாரம் போல ஒலிக்கும் என்பது போலியைப் பற்றிய பழைய விதி. தொல்காப்பியமே அதனைக் கூறுகிறது. ‘ஐயர்’ என்பதை ‘அய்யர்’ என எழுதும் வழக்கு அதனால் வந்தது. எனவே ஐகார ஈற்றுக்கு ஐகாரமோ அகரமோ வரலாம் என அவர் முன்மொழிந்தார். இது வசதிக்காகக் கொண்ட சலுகையா, இலக்கணத்தால் நியாயப்படுத்தக்கூடிய விதியா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. இறுதியில் அவ்விதி ஏற்கப்பட்டது. தேர்வுக்கு வெளியே, ஒரு போலி விதியைப் பற்றிப் பதினான்கு வயதினர் தாமாகவே வாதிட்டதை எங்கள் ஆசிரியப் பணிக்காலத்தில் நாங்கள் கண்டதில்லை.

4. எந்தத் தமிழ்?

மொழிமுதல் எழுத்துகளின் பட்டியலை நிரலில் எழுதும்போது இன்னொரு வினா முன்வந்தது. எந்த நூலின் பட்டியல்? தொல்காப்பியப்படி சகரம் அகரத்தோடு சேர்ந்து மொழிமுதலாவதில்லை. ‘சங்கம்’, ‘சட்டி’ போன்ற சொற்கள் அதன்படி ஆட்டத்தில் இடம்பெறா. பிற்காலத்து நன்னூல் சகரத்தை முதலெழுத்தாக ஏற்கிறது. யகரத்துக்குத் தொல்காப்பியம் ஆகாரம் ஒன்றையே அளிக்க, நன்னூல் மேலும் சில உயிர்களை அளிக்கிறது. இரு நூல்களுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மொழி மாறியது. இலக்கணமும் அம்மாற்றத்தைப் பதிவு செய்தது. மாணவர் இதனைத் தமக்குரிய சொல்லால் ‘பதிப்பு ஒன்று, பதிப்பு இரண்டு’ என்றனர். குறை சொல்ல முடியாத உவமை.

அப்படியாயின் இன்றைய பதிப்பு எது? நம் நாட்டுப் பிள்ளைகள் அன்றாடம் வழங்கும் ‘ரொட்டி’, ‘லாரி’, ‘டுரியான்’, ‘ரம்புத்தான்’ ஆகிய சொற்கள் நன்னூல் பட்டியலுக்கு வெளியே நிற்பவை. அவற்றை மறுத்தால், பிள்ளையின் வாயில் உள்ள தமிழ் தமிழன்று என்று கணினி தீர்ப்புச் சொல்வதாகும். எல்லாவற்றையும் ஏற்றால், மரபு அறியும் வாய்ப்பு நழுவும். ஈரரங்குகளை அமைப்பது என முடிவாயிற்று. ‘மரபரங்கு’ நன்னூல் வழியில் நடக்கும். ‘வழக்கரங்கு’ இன்றைய எழுத்து வழக்கை ஏற்கும். ஆடுவோர் தாம் புகும் அரங்கைத் தேர்ந்துகொள்வர். இரண்டிலும் ஆடியவர்க்கு வேறுபாடு தானே விளங்கும்.

சொற்பட்டியலைத் திரட்டுவதிலும் ஒரு தேர்வு தேவைப்பட்டது. தமிழ் ஒட்டுநிலை மொழி. ஒரு வினையடியிலிருந்து காலம், இடம், எண், பால் எனப் பெருகும் வடிவங்கள் நூற்றுக்கணக்கானவை. ‘வந்தான்’, ‘வருவாள்’, ‘வந்திருக்கமாட்டார்கள்’ அனைத்தையும் பட்டியலில் அடக்க இயலாது. உருபனியல் பகுப்பாய்வு ஒன்றை எழுதுவது தனி ஆய்வாகும். பெயர்ச்சொற்களின் எழுவாய் வடிவம் மட்டுமே ஏற்கப்படும் என விதி வகுத்தோம். எல்லையை அறிந்து வகுத்துக்கொள்வதும் நிரலாக்கத்தின் ஒரு பாடமே.

5. நடுவர் யார்?

இதுவரை சொன்னவை ஒருவர் தனித்து ஆடும் விளையாட்டுக்கும் பொருந்தும். பலர் ஆடும்போது நிரலாக்கம் வேறொரு தன்மையை அடைகிறது. பொது அறிவையும் நேர்மையையும் பற்றிய வினாக்கள் எழுகின்றன.

இணையப் பக்கத்தின் பழைய இயல்பு கடிதப் போக்குவரத்தைப் போன்றது. உலாவி கேட்கும், வழங்கிக் கணினி விடை தரும், உறவு அத்துடன் முடியும். எதிராளி ஒரு சொல்லைச் சொன்னார் என்பதை அறிய, ‘சொன்னாரா, சொன்னாரா’ என்று உலாவி ஓயாமல் கேட்க வேண்டியிருந்தது. 2011இல் தரப்படுத்தப்பட்ட ‘வெப்சாக்கெட்’ என்னும் முறை இதனைத் தொலைபேசி உரையாடல் போல் ஆக்கியது. ஒருமுறை இணைப்பு ஏற்பட்டபின் இருபுறமும் எந்நேரமும் பேசலாம். இம்முறை வந்தபின் உலாவியில் பலர் ஆடும் விளையாட்டைக் கட்டுவது பொழுதுபோக்காளர்க்கும் எளிதாயிற்று.

அடுத்தது, சொல் சரியா என்பதை யார் முடிவு செய்வது? ஆடுபவரின் உலாவியே முடிவு செய்தால், நிரலறிந்த ஒருவர் தம் உலாவியில் உள்ள நிரலை மாற்றி எதனையும் சரியாக்கிவிடலாம். ஆகவே விதிகள் அனைத்தையும் வழங்கியே சோதிக்க வேண்டும். உலாவி காட்டும் திரை மட்டுமே. பயனர் அனுப்புவது எதனையும் சோதியாமல் ஏற்கலாகாது என்பது நிரலாளரின் முதல் அறம். பெயர் கேட்கும் பெட்டியில் பெயருக்குப் பதிலாக நிரல் துண்டை எழுதி அனுப்புவோரும் உண்டு. அதனை வெறும் எழுத்தாகவே காட்டும்படி அமைத்தல் வேண்டும்.

காலமும் ஒரு சிக்கல். ஒவ்வொருவர்க்கும் பதினைந்து நொடி. எவருடைய கடிகாரப்படி? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 2,900 கிலோமீட்டர். ஒரு செய்தி செல்ல, வேறு தாமதமே இல்லாவிடினும், ஏறத்தாழ 15 மில்லிநொடி ஆகும். லண்டனுக்குச் சுமார் 10,900 கிலோமீட்டர். 50 மில்லிநொடிக்கு மேல் ஆகும். உண்மையில் வழியிலுள்ள கருவிகளால் இன்னும் மிகும். ஒரே நேரத்தில் இருவர் ஒரு சொல்லை மறுத்துப் பொத்தானை அழுத்தினால், ‘முதலில்’ என்பதற்கு இருவர் திரையிலும் இருவேறு பொருள். வழங்கியை எது முதலில் அடைந்ததோ அதுவே முதல் என வரையறுத்தாக வேண்டும். இயற்கையில் ‘ஒரே நேரம்’ என்பது அவ்வளவு தெளிவானதன்று என்பதை இயற்பியல் வகுப்புக்கு வெளியே மாணவர் அறிந்த இடம் இது.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? தொடருந்தில் சுரங்கப் பாதைக்குள் நுழைந்த ஒருவர் தோற்றவராவாரா? அரை நிமிடம் காத்திருந்து அவருடைய இடத்தை அவர்க்கே தருவது என மாணவர் முடிவு செய்தனர். விதியை எழுதியவர்கள் தாங்களே என்பதால், நியாயம் என்றால் என்ன என்பதைத் தாங்களே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

6. வழுவும் வழுவமைதியும்

நிரலில் நேரும் பிழையைத் தமிழில் ‘வழு’ என்கிறோம். இச்சொல் இலக்கணத்திலிருந்து வந்தது என்பதை மாணவர்க்கு நினைவூட்டுதல் நன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு வகைப்படும் என்கிறது நன்னூல். ‘அவன் வந்தாள்’ என்பது பால்வழு. நிரலிலும் எண் வர வேண்டிய இடத்தில் சொல்லை வைத்தால் இதனையொத்த வழு. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று எனின் விடைவழு.

‘வழுவமைதி’ என்னும் கருத்து இன்னும் பொருத்தமானது. இலக்கணப்படி பிழையாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது அது. தாய் தன் மகளைப் பாசத்தால் ‘வாடா ராசா’ என்பது வழுவாயினும் அமைக்கப்படும். நிரலிலும் விதிவிலக்குகளை முன்கூட்டியே எண்ணி, அவற்றை ஏற்கும் வழியை எழுதிவைக்கிறோம். வழு நேரும் இடங்களை அறிந்து அமைதி கூறிய இலக்கணிகளின் மனப்பாங்கும், வழு நேரும் இடங்களை அறிந்து காப்பு எழுதும் நிரலாளரின் மனப்பாங்கும் நெருங்கியவை.

7. ஆசிரியர்க்குச் சில சொற்கள்

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. இவ்வெண்களை வருத்தத்தோடு மேற்கோள் காட்டுவது எளிது. அவற்றின் பின்னுள்ள நிலைமையை எண்ணிப் பார்ப்போம். பிள்ளைகள் தமிழில் தேர்வு எழுதுகிறார்கள். வேலை என்று வந்தால் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். 2020 முதல் தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு மாணவர் அனைவரும் நிரலாக்க அறிமுகம் பெறுகின்றனர். ஆனால் அந்த அறையில் தமிழுக்கு இடமுண்டு என அவர்கள் நினைப்பதில்லை. தமிழ் பயன்படும் வேலை ஒன்றை அவர்கள் கையில் கொடுப்பதே நாம் செய்யக்கூடியது.

இம்மண்ணுக்கு அது அயலானதன்று. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்தவர், எழுத்தாளர். 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றுவதற்கு உழைத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணையத்துக்கென மாநாடு கூடியதில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ உலகத் தமிழர் பலர்க்குத் தட்டச்சுக் கருவியாயிற்று. இன்று நம் மாணவர் கைப்பேசியில் தமிழ் எழுதுவது இவர்களைப் போன்றோர் எழுத்தையும் நிரலையும் ஒருங்கே அறிந்திருந்ததன் பயன்.

வகுப்பில் முயல விரும்புவோர்க்கு எங்கள் பட்டறிவிலிருந்து ஓர் ஒழுங்கைக் கூறலாம். முதலில் தாளிலும் வாயாலும் ஆட்டத்தை ஆடுக. விதிகளை மாணவரே எழுதட்டும். அடுத்து, ஒரே திரையில் இருவர் மாறி மாறி ஆடும் வடிவம்; அது நூறு வரிகளுக்குள் அடங்கும். மூன்றாவதாக எழுத்தைப் பிரிக்கும் செயற்கூறு. இதற்கு இரண்டு வாரம் ஒதுக்கினும் தகும். அதன்பின்னரே வழங்கியும் வெப்சாக்கெட்டும். தொடக்கத்திலேயே பலர் ஆடும் வடிவத்தில் இறங்கினால், எழுத்தின் வழுவா, இணைப்பின் வழுவா என்று பிரித்தறிய இயலாமல் மாணவர் சோர்வர். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியரும் கணினி கற்பிக்கும் ஆசிரியரும் ஒரே அறையில் இருத்தல் சிறப்பு. ஒருவர்க்கு மற்றவர் மாணவராக இருப்பதைப் பிள்ளைகள் காண்பதும் கல்வியே.

நிரலை எழுதித் தரும் கருவிகள் இன்று வந்துவிட்டனவே, இனி இதனைக் கற்பானேன் என்று கேட்போர் உளர். அக்கருவியிடம் ‘ஈற்றெழுத்தைத் தருக’ எனக் கேட்கலாம். அது தந்தது எழுத்தா குறியீடா என்று காண்பதற்கு எழுத்து எது என நாம் அறிந்திருக்க வேண்டும். ‘அறிவு’ என்னும் சொல்லுக்குப் பின் எது வர வேண்டும் என்பதையும், ‘டுரியான்’ ஆட்டத்தில் சேருமா என்பதையும் தமிழ்ச் சமூகமே தீர்மானிக்க வேண்டும். அத்தீர்மானங்களை நாம் எடுக்காவிடின், தமிழறியாத எவரோ ஒருவர் எங்கோ எழுதிய விதி நமக்காக அவற்றை எடுத்துவிடும்.

எழுத்துக்கு இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. அம்மரபைப் புதிய கருவிகளுக்குக் கற்பிக்கும் பணி இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கு உரியது. அதற்கு ஒரு சிறு விளையாட்டுப் போதும், தொடங்குங்கள்.